சம்மதம் கேட்பதும் சட்டமாகட்டும்



தன் அதிகாரத்தைத் தன்னினும் பெரிய அமைப்பொன்றிடம் ஒப்படைக்க யாருக்கு உரிமையுண்டு என்ற வழக்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியதென்று எண்ணிவிடாதீர்கள். 1963 செப்டம்பர் 10ஆம் நாள், மலேசியா உதயமாக ஆறே நாட்கள் இருந்த வேளையில், பாஸ் கட்சி ஆண்ட கிளந்தான் மாநில சர்க்கார், மலாயாக் கூட்டரசின் மீதும் அதன் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மீதும் அவ்வழக்கையே தொடுத்தது. சிங்கப்பூரும் சபாவும் சரவாக்கும் சேர்ந்தால் 1957இல் தாங்கள் உடன்பட்ட கூட்டரசு மறைந்து வேறொன்று பிறக்குமாதலால், ஒவ்வொரு மாநிலத்தின் சம்மதமும் வேண்டும் என்று அது வாதாடியது. நாடாளுமன்றம் தன் அதிகார எல்லைக்குள்தான் நின்றது என்று கூறி, தலைமை நீதிபதி தாம்சன் 14ஆம் நாள் தடை விதிக்க மறுத்தார். ஈராண்டு கழியுமுன்னே, 1965 ஆகஸ்டு 9இல், எந்த மாநிலச் சட்டமன்றத்தையும் கேளாமல் ஒரே நாளில் சட்டம் திருத்தப்பட்டுச் சிங்கப்பூர் பிரிந்தது. சேர்த்தபோதும் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை!

கிளந்தான் ஆட்சியின் கட்சிக் கொள்கைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மலேசியா பிறந்ததையும் குறை கூறவில்லை. தீர்ப்பு சட்டப்படி செல்லுபடியாகலாம். ஆனால் கேட்கவேண்டுமென்று சட்டம் சொல்லவில்லையானால், சொல்லும்படி அதைத் திருத்துவது பிரஜைகளின் தர்மமல்லவா?

அயர்லாந்தில், ஒருகாலத்தில் விவசாயம் செய்து வாழ்ந்த ரேமண்ட் குரோட்டி என்ற தனி மனிதர், ஐரோப்பியச் சமூகத்தின் புதிய ஒப்பந்தத்தை எதிர்த்து நியாயஸ்தலம் ஏறினார். 1987இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றதால், மக்கள் வாக்கெடுப்பு நடந்த பிறகே அரசு அதனை ஏற்க முடிந்தது. கேட்டதால் ஐரோப்பா உடைந்துவிடவில்லை. மக்களே சம்மதம் தந்தார்கள்.

நம் நிலையென்ன? பசிபிக் வட்டார நாடுகளின் வாணிப உடன்படிக்கையை 2022இல் ஏற்றோம். அந்நிய முதலீட்டாளர் நம் அரசின் மீது வெளி நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்க அது வழி வைக்கிறது. நிலமோ மாநில அதிகாரம்; தோட்டத்துக் கோயிலும் பள்ளியும் நிற்கும் மண்ணின் விதி அங்கேதான் எழுதப்படுகிறது. ஆனால் அரசியல் நிர்ணயச் சட்டத்தின் 76ஆம் பிரிவுப்படி, அந்நிய உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக மாநில விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டமியற்றலாம். மாநில அரசைக் கலந்தாலோசித்தால் போதும், அதன் சம்மதம் தேவையில்லை.

எனவே இந்தச் சபை தீர்மானிக்கட்டும்: நம் அதிகாரத்தை வெளிமன்றத்துக்கு விட்டுக்கொடுக்கும் எந்த உடன்படிக்கையும் முதலில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும், அது மாநில உரிமையைத் தொடுமானால், அந்தந்தச் சட்டமன்றத்தின் சம்மதம் பெறப்படவேண்டும். காரியம் முடிய ஆறு நாள் இருக்கையில் நீதிபதியிடம் ஓடும் நிலை இன்னொரு மாநிலத்துக்கு வரலாகாது!