தேதி குறித்தார், சொன்ன தேதியில் போனார்: நைஜீரியாவின் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர்

(இணையவழிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாலு வருஷம் ராணுவ ஆட்சி வந்தாத்தான் நாடு உருப்படும்" என்று டீக்கடையிலும் கமென்ட்டிலும் சொல்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், நைஜீரியா கதையைச் சொல்லுங்கள்.

1960ல் விடுதலை பெற்ற நாடு. 1966ல் ராணுவம் உள்ளே வந்தது. 1979ல் ஒருமுறை ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனது, 1983 கடைசி நாளில் திரும்பி வந்துவிட்டது. நாலு வருஷக் கணக்கு எங்கே போனது பாருங்கள்!

1993 ஜூன் 12 அன்று அதிபர் தேர்தல் நடந்தது. மோஷூத் அபியோலா முன்னிலையில் இருந்தார். முடிவை முழுசாக அறிவிக்கும் முன்பே ஜெனரல் பாபாங்கிடா தேர்தலையே ரத்து செய்தார். அந்த ஆண்டு நவம்பரில் ஜெனரல் சானி அபாச்சா நாற்காலியைப் பிடித்தார். "நான்தான் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர்" என்று அறிவித்த அபியோலா சிறைக்குப் போனார். 1994ல் எண்ணெய்த் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கணவருக்காகப் போராடிய குதிரத் அபியோலா 1996ல் லாகோஸ் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அபாச்சாவும் கட்சிகளை அனுமதித்தார், அதையும் சொல்லணும். மொத்தம் ஐந்து கட்சிகள். ஐந்தும் அதிபர் வேட்பாளராக நிறுத்த முன்வந்தது யாரைத் தெரியுமா? அபாச்சாவையே!

1998 ஜூன் 8 அன்று அபாச்சா திடீரென இறந்தார். மறுநாள் பொறுப்பேற்றவர்தான் அப்துல்சலாமி அபூபக்கர். அரசியல் கைதிகள் பலரை விடுவித்தார். ஆனால் அபியோலாவை உடனே விடவில்லை. ஜூலை 7 அன்று, அமெரிக்கத் தூதுக்குழுவைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி, காவலிலேயே அபியோலா இறந்துபோனார். லாகோஸ் கொந்தளித்தது.

ஜூலை 20 அன்று அபூபக்கர் நாட்டு மக்களிடம் பேசினார். அபாச்சாவின் ஐந்து கட்சிகளும் கலைக்கப்பட்டன. 1999 மே 29ல் ஆட்சியை ஒப்படைப்பேன் என்றார். இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இந்தத் தேதிதான். "நிலைமை சீரானதும்", "உரிய காலத்தில்" என்றெல்லாம் இழுக்கவில்லை. நாள் குறித்தார். புதிய தேர்தல் ஆணையம் வந்தது. டிசம்பர் 5 உள்ளாட்சி, ஜனவரி 9 மாநில ஆளுநர், பிப்ரவரி 20 நாடாளுமன்றம், பிப்ரவரி 27 அதிபர் தேர்தல். அவர் எதிலும் போட்டியிடவில்லை. சொன்ன நாளில் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

அதுக்காக அவருக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை, தோழர்களே. வாக்கு எண்ணிக்கையில் குளறுபடிகள் இருந்தன. முடிவைச் சரியாக மதிப்பிட முடியவில்லை என்று கண்காணிக்கப் போன ஜிம்மி கார்ட்டரே எழுதினார். அரசியலமைப்புச் சட்டம் ராணுவ ஆணையாக வந்தது, அதுவும் தேர்தல் எல்லாம் முடிந்த பிறகு! எந்த அதிகாரத்துக்குப் போட்டியிடுகிறோம் என்று முழுசாகத் தெரியாமலே வேட்பாளர்கள் ஓட்டு கேட்டார்கள். ஜெயித்தவர் ஒபசாஞ்சோ, அவரும் முன்னாள் ஜெனரல். 1979ல் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனவரும் அவரேதான். அபாச்சா காலத்தில் சிறையில் இருந்து, அபூபக்கர் விடுவித்த கைதிகளில் ஒருவர்.

"ஜெனரல் ஜனநாயகத்தைக் கொடுத்தார்" என்று எழுதுபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: மக்கள் 1993லேயே ஓட்டுப் போட்டுவிட்டார்களே, அதைப் பறித்தது யார்? வேலைநிறுத்தம் செய்தவர்களும் சிறை போனவர்களும் செத்தவர்களும் அந்த ஐந்து வருஷம் கேட்டது, பறித்ததைத் திருப்பித் தா என்பதைத்தான்.

ஆட்சி கைமாறிய மே 29ஐத்தான் நைஜீரியா பல ஆண்டுகள் ஜனநாயக நாளாகக் கொண்டாடியது. 2018ல் அதை ஜூன் 12க்கு, அபியோலாவுக்கு மக்கள் ஓட்டுப் போட்ட நாளுக்கு, மாற்றி அறிவித்தார்கள். அறிவித்த அதிபர் முகமது புகாரி. 1983 கடைசியில் ராணுவம் திரும்பி வந்ததே, அப்போது ஆட்சியில் உட்கார்ந்த ஜெனரலும் அவர்தான்.