பேய்க்கப்பலும் ஜெட்டிப் பலகையும்



நம் மலாக்கா நீரிணையில் 'ஓராங் மேடான்' என்ற கப்பலில் அத்தனை பேரும் செத்துக் கிடந்தார்களாம். 1940களில் பத்திரிகைகளில் வந்த கதை இது. லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் அப்பெயரே இல்லை! 'மேரி செலஸ்ட்' கதையோ உண்மை. 1872 டிசம்பரில் அட்லாண்டிக் கடலில் ஆளில்லாமல் மிதந்தது. கப்பல் தலைவர், மனைவி, 2 வயதுக் குழந்தை உட்பட 10 பேரையும் காணோம். சிறு படகையும் காணோம். கப்பல் மூழ்கவில்லை. அதைவிட்டு இறங்கியவர்கள்தாம் திரும்பவில்லை.

"பேய் புடிச்சிருச்சா சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஏறுகிற இடமும் இறங்குகிற இடமுமே எனக்குப் பயம். விடுமுறையில் கிள்ளானிலிருந்து கெத்தாம் தீவுக்குப் போவீர்கள். ஜெட்டிப் பலகை பாசி பிடித்து வழுக்கும். படகு ஒட்டி நின்ற பிறகே ஏறுங்கள். இடைவெளியில் கை கால் வைத்துப் படகைத் தள்ளாதீர்கள். அலை தூக்கினால் எலும்பு நொறுங்கிவிடும். பிள்ளைக்கு மிதவைச் சட்டையை ஜெட்டியிலேயே மாட்டுங்கள். யாராவது விழுந்தால் குதிக்காதீர்கள், கயிற்றை வீசுங்கள்.

சம்பானில் மீன் பிடிக்கப் போகும் அண்ணன்மார்களே, நீர் ஏறியிருக்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வராதீர்கள். வற்றினால் சம்பான் தொங்கும். முடிச்சு அவிழ்ந்தாலோ ராத்திரியோடு போய்விடும். விடிந்ததும் அடுத்த கம்பத்தார் அதைப் பார்த்து ஒரு பேய்க்கதை கட்டிவிடுவார்கள்!