எண்ணெய் கூறும் சான்று



மம்சாபுரத்திலிருந்து இராசபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சென்று வாகனப் பட்டறைகளில் வேலை பழகும் நம் இளைஞர்களை மனத்திற்கொண்டு, தானியங்கிக் கியர்ப்பெட்டியின் பராமரிப்பைப் பற்றிச் சில கூற விழைகிறோம். கல்விக் கழக விழாவில் கியர்ப்பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நிரம்ப உண்டு.

சாதாரணக் கியர்ப்பெட்டியில் பற்சக்கரங்கள் தேயாமற் காப்பதே எண்ணெயின் முதற்பணி. டார்க் கன்வெர்ட்டர் கொண்ட தானியங்கிப் பெட்டியிலோ, என்ஜினின் ஆற்றலைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், வெப்பத்தை வெளியேற்றுவதும் எண்ணெயே. ஆதலால் எண்ணெய் கெட்டால் பெட்டியும் கெடும்.

நிறத்தையும் மணத்தையும் கொண்டு மட்டும் எண்ணெயை மதிப்பிடுதல் போதாது. வண்டி ஓடிச் சூடாயிருக்கும்போதே, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, தூய சீசாவில் மாதிரி எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புதல் வேண்டும். இரும்பு மிகுந்தால் பற்சக்கரம் முதலியன தேய்கின்றன என ஐயுறலாம். செம்பு மிகுந்தால் புஷ்களைப் பார்க்க வேண்டும். சிலிக்கன் மிகுந்தால் தூசி புகுந்திருக்கலாம். சோடியம் மிகுந்தால் ரேடியேட்டர் நீர் கலந்திருக்கலாம். ஓர் அறிக்கையை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த அறிக்கைகளை ஒப்பிட்டே முடிவு காண வேண்டும். அமெரிக்காவின் டென்வர் ரியோ கிராண்ட் இரயில்வே 1940களில் டீசல் என்ஜின்களுக்குத் தொடங்கிய முறை இது. இந்திய இரயில்வேயின் டீசல் கொட்டகைகளிலும் பின்னர் வழக்கமாயிற்று.

குளிர்விப்பானிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயில் கூடுதல் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதும் நன்று. அது அடைத்துக்கொண்டால் எண்ணெய் வேறு வழியே செல்ல வால்வு இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் காக்க வந்ததே கேடாய் முடியும். வடிகட்டி துகளைத் தடுக்கும்; கருகிய எண்ணெயைப் புதிதாக்காது. அதனை மாற்றியே தீர வேண்டும்.

அன்பர்களே! பட்டறையில் எண்ணெயை வடிக்கும் கை பெரும்பாலும் நம் பிள்ளைகளுடையது. அறிக்கையைப் படித்து முடிவு கூறும் வாய்ப்போ அவர்களுக்கு அரிதாகவே கிட்டுகிறது. உழைப்பில் முன்னிற்பவர் அறிவில் பின்னிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1942 ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதிக்கு அளித்த விண்ணப்பத்தில், நம் மக்களுக்கு அறிவியற் கல்வி உதவித்தொகையும், இரயில்வே பணிமனைகளிலும் அரசு அச்சகங்களிலும் தொழிற்பயிற்சியும் கேட்டார். படிப்பும் தொழிலும் ஒன்றாய்ச் சேர்ந்தே வரவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இத்தகைய அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவன. ஆகவே பட்டறைக்குப் போகும் பிள்ளைக்கு, இரும்பு, செம்பு என்பவற்றின் குறியீடுகளையும், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவையும் மாலை வகுப்பிலே கற்பிக்க நம் கழகம் முன்வரவேண்டும். பத்தாம் வகுப்பு வேதியியலே இதற்குப் போதும். பெற்றோர்களும் அவ்வகுப்பு வரையிலாவது பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்தாதிருத்தல் வேண்டும்.

வெள்ளி விழாக் காணும் கழகம் பொன் விழாக் காணும்போது, அறிக்கை எழுதும் ஆய்வகத்திலும் நம் பிள்ளைகள் அமர்ந்திருப்பாராக என வாழ்த்தி அமைகின்றோம்.