லீதியாவும் போடி ஏலக்காயும்



திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரத்தில் லீதியா என்றொரு பெண்மணி வருகிறார். தியத்திரா ஊர்க்காரர், பிலிப்பியில் செந்நிற ஆடை விற்றவர். அவருடைய கணவர் பெயரையோ தந்தை பெயரையோ லூக்கா எழுதவில்லை. ஊரையும் தொழிலையும்தான் சொல்கிறார். பெண்ணை அவள் தொழிலைச் சொல்லி அறிமுகப்படுத்துவது நம் ஊர்களில் இன்றும் அரிது.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மணம் வீதிவரை வரும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உலர்ந்த காய் கீழே வந்ததும் தரம் பிரிப்பவர்களும் பெண்களே. 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பருமன் பார்க்கச் சல்லடை போதும். நிறம் வெளுத்தது, வாய் வெடித்தது, பூச்சி துளைத்தது என்று பிரிக்கக் கண்ணும் விரலும் வேண்டும். நாமும் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம். சற்று நேரத்தில் எல்லாக் காயும் ஒரே பச்சையாகத் தெரியும். நெசவைக் கைத்தொழில் என்கிறோம். இதை மட்டும் ‘காய் பொறுக்குகிற வேலை’ என்று சொல்லிவிடுகிறோம். பெயரைக் குறைத்துவிட்டால் கூலியைக் குறைப்பது எளிது!

நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியில் நடக்கிறது. அங்கே வாங்கிய சரக்கு, தரம் பிரிந்த பிறகுதான் நல்ல விலைக்குப் போகிறது. அந்தக் கூடுதல் விலையில் பிரித்த கைகளுக்கு எவ்வளவு? வறுமைக்குப் பயந்து ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதித்தாலும் அது நியாயமாகிவிடாது என்று 1891-இலேயே, ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், திருத்தந்தை 13-ஆம் லியோ எழுதினார். ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் நம் குடும்பங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பொழுது சாயுமுன் கூலியைக் கொடுக்கச் சொல்கிறது இணைச்சட்ட நூல். ‘திங்கட்கிழமை வாம்மா’ என்று அனுப்பாதீர்கள்.

சகோதரிகளே, 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் இன்று நம் தெரு வரை வந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கடன் வாங்கவும் கட்டவுமே கூடுகிறோம். பத்துப் பேர் சேர்ந்து ஐந்து கிலோ காய் வாங்கி, நீங்களே பிரித்து, சிறு பொட்டலமாகக் கட்டி விற்றுப் பார்த்தால் என்ன? ஏலக்காய் விலை இந்த வாரம்போல் அடுத்த வாரம் இராது, நட்டமும் வரலாம். அதனால்தான் ஐந்து கிலோ என்கிறேன். பங்குத் திருவிழாவில் ஒரு மேசை போட இடம் தருவதில் நம் பங்குத்தந்தையருக்கும் தயக்கம் இருக்காது.

லீதியாவுக்கு விருந்தினரைத் தங்கவைக்கும் அளவுக்கு ஒரு வீடு இருந்தது. பவுலும் சீலாவும் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நேராகப் போனது அந்த வீட்டுக்குத்தான்.