அடுப்பு இன்னும் கைமாறவில்லை



ஆணாதிக்கம் என்றால் என்ன என்பதைக் கர்நாடகத்தின் கோலார் தங்க வயலின் வரலாறே சொல்லும். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தோண்டத் தொடங்கியபின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து ‘லைன்’ எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியேறின. ஆண்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள்; போகப்போக அது மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. பூமிக்கடியில் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு.

அந்தத் தடையில் அக்கறையும் இருந்தது. ஆனால் பாறை வெடிப்பும் நுரையீரலை அரிக்கும் தூசியும் ஆணையும்தான் கொன்றன. ஆபத்தும் அதற்கான கூலியும் ஆணுக்கு, சோறும் பிள்ளையும் நோயாளியும் பெண்ணுக்கு என்று பிரித்தார்கள். கூலி அவன் கைக்கு வந்ததால் வீட்டில் அவன் சொல்லே கடைசிச் சொல் ஆனது. ஷிப்டு தவறாமல் அவனை அனுப்பிவைத்த அவள் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சட்டம், கூலி, சொத்து, குடும்ப வழக்கம் எல்லாம் சேர்ந்து இப்படி மேல் கீழ் வகுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஆணாதிக்கம் என்று பெயர். மிக நல்ல மனிதர்கள் வாழும் வீட்டிலும் அது நடக்கும். இருமலோடு சுரங்கத்துக்குப் போன தகப்பனையும் அது விட்டுவைக்கவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்களில் பெண்களும் உண்டு. சம்பாதிப்பது ஆணின் வேலை என்பது இயற்கையல்ல என்று அவர்கள் காட்டினார்கள். ஆனால் இரவு திரும்பியதும் அடுப்பு அவர்களுக்காகவே காத்திருந்தது.

சட்டங்கள் மாறிவருகின்றன. 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது. இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இலும், கர்நாடகத்தில் 1994-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டமானது. தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் பகல் நேரத்தில் சுரங்கத்துக்குள் வேலைபார்க்க 2019-இல் மத்திய அரசு அனுமதித்தது. ஆனாலும் கல்யாணமாகிப் போன தங்கையிடம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அண்ணன்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்று பட்டம் பெறும் மாணவர்களே, அந்தப் பத்திரத்தை உங்கள் சகோதரியிடம் நீட்டாதீர்கள். உங்கள் வீட்டுச் சமையலில் சரிபாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். மாணவிகளே, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சம்பளம் உங்கள் பெயரிலுள்ள கணக்கிலேயே சேரட்டும். நாளை ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காருகிறவர்கள், கல்யாணம் எப்போது என்று எந்தப் பெண்ணையும் கேட்காதீர்கள்.

மனிதர்கள் செய்த ஏற்பாட்டை மனிதர்களால் மாற்ற முடியும். அதற்கான அறிவும் தகுதியும் உங்களிடம் இருக்கின்றன.