உறைந்த பின்னும் அது பி.ஆர்.பி.தானா?



எலும்பு மருத்துவர்களின் கருத்தரங்குக்கு ரத்த வங்கிக்காரனைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறீர்கள். பெண் கொடுத்த வீட்டார் பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தைப் பிரித்துக் கொடுப்பவர்கள் நாங்கள்; ஊசியில் ஏற்றி மூட்டுக்குள் செலுத்துபவர்கள் நீங்கள். அனுப்பிவைத்த பெண்ணை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இளம் மருத்துவர் ஒருவர் தெர்மாகோல் டப்பாவோடு எங்கள் ரத்த வங்கிக்கு வந்தார். உள்ளே ஒரு குழாய், 5 மில்லி பி.ஆர்.பி., அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. முழங்கால் தேய்மானம் உள்ள ஓர் அம்மாவுக்கு முதல் ஊசியைப் புதிதாகப் போட்டுவிட்டு, மீதியை ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். அன்று இரண்டாவது ஊசி. முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிட்டிருக்கிறார். காலையில் பார்த்தால் குழாயின் அடியில் இளநீர் வழுக்கை போல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. “கிருமி ஏறிடுச்சா சார்?” என்று கேட்டார்.

கிருமி இல்லை. அது ஃபைப்ரினோஜன். உறைந்த பிளாஸ்மாவை 4 டிகிரியில் மெதுவாக உருக்கினால் ஃபைப்ரினோஜனும் ரத்தத்தைக் கட்டவைக்கும் எட்டாம் காரணியும் பிரிந்து அடியில் படியும். ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் 1960களில் இதைக் கவனித்தார். ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு நாங்கள் கொடுக்கும் கிரையோ (கிரையோபிரெசிபிடேட்) அப்படிப் பிறந்ததுதான். அதனால்தான் ரத்த வங்கியில் உறைந்த பிளாஸ்மாவை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்குகிறோம். நம் இளம் மருத்துவர் தன்னையறியாமல் கிரையோ தயாரித்திருந்தார்.

பிறகு குழாயை மெதுவாகக் கலக்கி எண்ணும் கருவியில் ஏற்றினோம். தட்டணு எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. அவர் முகம் மலர்ந்தது. நான் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். ஊதாத் துகள்கள் நிறைந்த வட்டமான தட்டணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. மற்றதெல்லாம் வெளிறிய கூடும் தூசியும். கருவி அளவைப் பார்த்து எண்ணுகிறது. அந்த அளவில் உடைந்த சில்லு வந்தாலும் அதற்குத் தட்டணுதான். முழு அரிசியையும் நொய்யையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தட்டணு 2, 3 மைக்ரான் அகலமுள்ள, உட்கரு இல்லாத சின்னப் பொட்டலம். உடைந்ததைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. மெதுவாகக் குளிரும்போது வெளியிலுள்ள நீர் முதலில் பனியாகிறது. மீதித் திரவத்தில் உப்பு ஏறுகிறது. தட்டணு நீரை இழந்து சுருங்குகிறது. பனிப்படிகம் சவ்வைக் கிழிக்கிறது. உருகும்போது நீர் உள்ளே பாய்ந்து, மிஞ்சியதையும் உடைக்கிறது. ஆல்பா துகள்களில் பூட்டியிருந்த வளர்ச்சிக் காரணிகளான பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப். பீட்டா, வி.இ.ஜி.எஃப். எல்லாம் ஊசி ஏறுமுன்பே குழாயில் கொட்டிவிடுகின்றன. சவ்வின் உட்புறம் இருக்கவேண்டிய கொழுப்பு வெளிப்புறம் திரும்பி, த்ராம்பினுக்கு வழிவிடுகிறது.

தமிழில் ரத்தம் கட்டியாவதும் உறைதல்தான், நீர் பனியாவதும் உறைதல்தான். வகுப்பெடுக்கும்போது இது பெரிய தலைவலி. ஆனால் தட்டணுவைப் பொறுத்தவரை நம் மொழி சரியாகவே சொல்லியிருக்கிறது: குளிரில் உறைந்த தட்டணு, ரத்தம் உறையும் வேலையையும் பாதி தொடங்கிவிட்டது. மூன்றாவதாக, பாலும் உறைகிறது. உறைந்தபின் அதைப் பால் என்று யாரும் விற்பதில்லை. தயிர் கெட்டுப்போன பால் அல்ல. வேறொரு பண்டம், வேறு குணம். மைனஸ் 30 டிகிரியில் வைத்து எடுத்த பி.ஆர்.பி.யும் அப்படித்தான். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: பிளேட்லெட் லைசேட். செல் வளர்ப்பு ஆய்வகங்கள் கன்றுக் கருவின் சீரத்துக்கு மாற்றாக, தட்டணுக்களை வேண்டுமென்றே உறைவித்து உருக்கி உடைத்து இதைத் தயாரிக்கின்றன. நாமும் அதையே தயாரித்துவிட்டு, குழாயில் மட்டும் பழைய பெயரை எழுதுகிறோம்.

உறைவிப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மூன்று வார இடைவெளியில் மூன்று ஊசி என்றால், ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுக்க வேண்டும், கிட் வாங்க வேண்டும். அறுபது, எழுபது வயதுக் கையில் நரம்பு கிடைப்பதே பாடு. முழங்கால் வலியோடு இரண்டு பேருந்து மாறி வருகிறவருக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தால் போதும் என்பது பெரிய நிம்மதி. இன்னொரு நன்மையும் உண்டு: கிருமிச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கலாம். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும் என்பதால் அந்தச் சோதனை அவசியமும்கூட.

இத்தாலியின் போலோக்னாவில் உள்ள ரிஸ்ஸோலி நிறுவனம் செய்தது இதைத்தான். 2010-இல் வெளிவந்த அவர்களது முழங்கால் ஆய்வில் நோயாளியிடமிருந்து 150 மில்லி ரத்தம் எடுத்து, இருமுறை சுழற்றி, 5 மில்லி வீதம் நான்கு பங்காக்கினார்கள். ஒன்று தரச் சோதனைக்கு. ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டுக்கு. மற்ற இரண்டும் மைனஸ் 30 டிகிரியில், 21 நாள் இடைவெளியில் போடுவதற்கு. ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள், அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே நோயாளி முதல் ஊசியில் தட்டணுவையும், அடுத்த இரண்டில் தட்டணுச் சாற்றையும் பெற்றிருக்கிறார். வலி குறைந்தது என்றால் எதனால் குறைந்தது?

அதே குழுவினர் 2014-இல் புதியதையும் உறைந்ததையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டார்கள். குருத்தெலும்புச் செல்களையும் மூட்டுச்சவ்வுச் செல்களையும் வளர்க்கும் திறன் உறைந்ததிலும் போதிய அளவு காக்கப்படுகிறது என்று முடித்தார்கள். பெட்ரித்தட்டில் வளரும் செல்லுக்குக் காரணிகள் கிடைத்தால் போதும், அவை எப்படி வந்தன என்பது அதற்குக் கவலையில்லை. கிழிந்த தசைநாண் அப்படியல்ல. உயிருள்ள தட்டணு கொலாஜனைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொண்டு, ஃபைப்ரின் வலைக்குள் உட்கார்ந்து தன் சரக்கை இறக்குகிறது. சாறு அப்படி உட்காராது. மூட்டுக்குழிக்குள் போடுவதற்கு உறைந்தது ஒருவேளை போதுமானதாக இருக்கலாம். தசைநாண் கிழிசலுக்குப் புதியதைத்தான் போடுவேன். நிரூபணம் கேட்காதீர்கள், இது என் தீர்ப்பு மட்டுமே.

நிரூபணம் ஏன் இல்லை என்பதுதான் நாம் வெட்கப்பட வேண்டிய இடம். 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு எலும்பு மூட்டுத் துறையில் பி.ஆர்.பி. பற்றிய 105 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. இறுதியில் உடலுக்குள் போன பொருளில் என்ன, எவ்வளவு இருந்தது என்று எண்ணால் சொன்னவை 17. அடுத்தவர் திரும்பச் செய்யுமளவு தயாரிப்பு முறையை எழுதியவை 11. எத்தனை தட்டணு என்றே எழுதாதவர்கள், எத்தனை நாள் எந்தக் குளிரில் இருந்தது என்று எழுதியிருப்பார்களா?

புதிய பி.ஆர்.பி.யே கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. 2013-இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தார் 78 பேரை வைத்துச் செய்த ஆய்வில் உப்புநீர் ஊசியைவிட அது நன்றாக வேலை செய்தது. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்த ரெஸ்டோர் ஆய்வில் உப்புநீருக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னதில் தட்டணுச் செறிவு குறைவு என்று விமர்சித்தார்கள். அந்த விவாதமாவது நடந்ததே, எண்ணி எழுதியிருந்ததால்தான்.

முழுத் தட்டணுவாகவே உறைவிக்க முடியாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஓரளவு முடியும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை 5, 6 சதவீதம் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். நெதர்லாந்து ராணுவம் 2001 முதல் போர்க்களக் காயங்களுக்கு இப்படி வைத்த தட்டணுக்களைப் பயன்படுத்துகிறது. அவையும் முன்போல் நெடுநேரம் ரத்தத்தில் சுற்றுவதில்லை. ரத்தப்போக்கை நிறுத்தினால் போதும் என்பதால் அவர்களுக்குச் சரி. ஜப்பானில் வேறு வழி: தட்டணுக்களின் காரணிகளை மட்டும் எடுத்து, செல்லை நீக்கி, உலர்த்திப் பொடியாக்கி முழங்காலுக்குப் போடுகிறார்கள். அங்கே பி.ஆர்.பி. மறுஉருவாக்க மருத்துவச் சட்டத்துக்குள் வருகிறது. செல் இல்லாத அந்தப் பொடி வருவதில்லை. நான் இவ்வளவு நேரம் கேட்கும் பெயர்ப் பிரிவினையை அங்கே சட்டமே செய்துவிட்டது.

நம் நடைமுறைக்கு வருவோம். வீட்டு உபயோக ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பி.ஆர்.பி.யை வைக்காதீர்கள். பனி படியாமலிருக்க அது அவ்வப்போது தானே சூடேறி இறங்கும். உங்கள் குழாய் உள்ளே பலமுறை பாதி உருகிப் பாதி உறைந்து கிடக்கும். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் எந்த அறைக்கு வருகிறது என்று பாருங்கள். வெள்ளணு மிகுந்த பி.ஆர்.பி.யை உறைவிக்கவே வேண்டாம்; உடைந்த நியூட்ரோஃபிலிலிருந்து கொட்டும் எலாஸ்டேஸ் குருத்தெலும்பை அரிக்கும் சரக்கு. ஒருமுறை உருக்கியதை மறுபடி ஃப்ரீசரில் போடாதீர்கள்.

இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் அமர்வுத் தலைவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: புதியதா, உறைந்ததா? உறைந்தது என்றால் எந்த வெப்பநிலை, எத்தனை நாள், எப்படி உருக்கினீர்கள்? பதில் இல்லாத கட்டுரைக்குப் பரிசு கிடையாது என்று அமைப்பாளர்களிடம் பேசி முடித்துவிட்டேன்.

அரங்க வாசலில் நுண்ணோக்கி இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்றில் இன்று காலை எடுத்த பி.ஆர்.பி., மற்றதில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக்கியது. சாப்பிடப் போகுமுன் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.