வேலை தேடாதவரும் வேலையற்றோரே

வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பேசும்போது புள்ளிவிவரங்களே முதலில் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால், எண்ணத் தொடங்குமுன் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு: வேலையற்றோர் எனப்படுவோர் யாவர்?

ஓர் ஊரில் 90 பேர் வேலையில் இருக்கின்றனர். 10 பேர் வேலை தேடுகின்றனர் எனக் கொள்க. இந்த 100 பேரும் சேர்ந்ததே உழைப்பாளர் தொகுதி. வேலையின்மை விகிதம் 10 சதவீதம். பல மாதங்கள் அலைந்து சலித்த ஐவர், இனித் தேடிப் பயனில்லை என்று வீட்டோடு இருந்துவிடுகின்றனர். தேடுவோரை மட்டுமே வேலையற்றோர் என வரையறுத்தால், இந்த ஐவரும் தொகுதியிலிருந்தே நீங்கிவிடுவர். எஞ்சிய 95 பேரில் வேலையற்றோர் ஐவர். விகிதம் ஏறக்குறைய 5.3 சதவீதமாகக் குறையும். புதிதாக ஒரு வேலையும் தோன்றவில்லை; நம்பிக்கை இழந்தோர் கணக்கிலிருந்து மறைந்தனர், அவ்வளவே.

விவசாயமும் சுயதொழிலும் மிகுந்த இந்தியாவில் வேலை தேடுவதற்கான வழிகளே குறைவு. வேலை இல்லாத பருவத்தில் விவசாயக் கூலி எந்த அலுவலகத்தின் படியேறுவார்? எனவே, தேசிய மாதிரி ஆய்வு, வேலை தேடாவிடினும் கிடைத்தால் ஏற்கத் தயாராக உள்ளோரையும் வேலையற்றோராகக் கொள்கிறது. தந்த்வாலா குழுவின் 1970-ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி, 1972-73-இல் நடந்த 27-ஆவது சுற்றிலிருந்து ஓராண்டு, ஒரு வாரம், ஒரு நாள் என மூவகை அளவைகள் வழங்கலாயின. 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பும், தயாராக உள்ளோரைச் சேர்க்கும் இக்கொள்கையைக் கைவிடவில்லை.

எனினும், வரையறை விரிந்ததாலேயே குறை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. வீட்டுப் பணிகளில் ஈடுபட்டுள்ளதாகக் குறிக்கப்படும் பெண்கள் உழைப்பாளர் தொகுதியில் சேர்வதில்லை. 2011-12-இல் நடந்த 68-ஆவது சுற்றில், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை கிடைத்தால் ஏற்பீர்களா என்று இவர்களிடம் வினவப்பட்டது. கிராமங்களில் சுமார் 34 சதவீதத்தினரும், நகரங்களில் சுமார் 28 சதவீதத்தினரும் ஏற்பதாகக் கூறினர். தையல் முதலிய தொழில்களை அவர்கள் விரும்பினர். வேலையை விரும்பியும், வேலையின்மைக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை.

ஆகவே, வேலையின்மை விகிதம் குறைந்தது என்ற செய்தியை மட்டும் கொண்டு மகிழ்வது பொருந்தாது. உழைப்பாளர் தொகுதியில் பங்கேற்போர் விகிதம் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்தால், அது வேலை பெருகியதன் அடையாளம் அன்று. கதவைத் தட்டிக் களைத்தோர் திரும்பிச் சென்றதன் அடையாளமாகவும் இருக்கலாம். திட்டமிடுவோர் தேட வேண்டியது அவர்களையே.